துண்டுக்கு அடியில் நான்கு விரல்கள்

அத்தியாயம் 9

ஏழாவது பேனா அபூபக்கரின் மூக்கருகே வந்தபோதுதான், தன் கை எங்கே இருக்கிறது என்பதை ஜுமைலா கவனித்தாள்.

அது அவர் மடியில், துண்டுக்கு அடியில் இருந்தது. அவருடைய நடுவிரலை அழுத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது," என்றார் அபூபக்கர் நிதானமாக. "எலுமிச்சை."

சோதனை நடத்தும் அம்ருதா தாளில் ஒரு குறி போட்டாள். வாய் திறந்து சரியென்றோ தப்பென்றோ அவள் சொல்லக் கூடாது. ஆனால் சின்ன வயது, முகம் சொல்லிவிட்டது.

ஜுமைலாவுக்கு முதுகில் சில்லென்றது. ஏசியின் காற்று என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஏழு பேனாக்கள். ஏழுக்கும் தன் விரலா பதில் சொல்லியிருக்கிறது?

போன வெள்ளிக்கிழமை மகள் ஃபிதா அந்தக் காகிதத்தைக் கண்டெடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். ஏற்றுமதிக்காரர் கேசவ் சேட்டுக்கு அபூபக்கர் கைப்பட எழுதிய சரக்குக் குறிப்பு. முதல் வரி எப்போதும்போல இருந்தது. கீழே போகப் போக எழுத்து சுருங்கி, கடைசி வரியில் எறும்பு வரிசையாகிவிட்டிருந்தது. வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குவதை வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே பார்த்தவர்கள்தான். எழுத்தும் சுருங்குவதை அன்றுதான் பார்த்தார்கள். டாக்டரிடம் போக மாட்டேன் என்று அன்று அவர் வீட்டில் போட்ட சத்தம் சுள்ளிக்கல் தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு நாள் அத்தாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஃபிதா மலையாள நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைட்டிலாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழு, மட்டாஞ்சேரி அங்காடிக்குப் பின்னால் ஒரு பழைய கிளினிக்கின் மாடியில் முகாம் போட்டிருந்தது. பார்க்கின்சன் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. மூன்று நாள் முகாம். இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

சோதனைகளில் முதலாவது மூக்கு. பேனா மாதிரி பன்னிரண்டு குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை. முகர்ந்து பார்த்து, அம்ருதா வாசிக்கும் நான்கு பெயர்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி அடைக்கப்பட்டிருந்தன. சுக்கும் மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற இந்தத் தெருவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு யாருடைய மூக்கையும் சோதிக்க முடியாது.

"இத்தா, கையை நல்லாப் பிடிச்சுக்கோங்க," என்று தொடங்கும்போது அம்ருதாதான் சொன்னாள். அவள் பாலக்காட்டுக்காரி, தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். "இக்காவுக்குக் கை நடுங்குது. பேடிக்கண்டா இக்கா, பயப்படாதீங்க, இது பரீட்சை ஒண்ணும் இல்ல."

நடுங்கும் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவி. பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான்.

எட்டாவது பேனா வந்தது. ஜுமைலா கையை இழுத்துக்கொண்டாள்.

"புதினா, ரப்பர், மீன், காப்பி," என்று அம்ருதா வாசித்தாள்.

மீன். அரை முழத் தூரத்திலிருந்தே ஜுமைலாவுக்குத் தெரிந்தது. அபூபக்கர் மூச்சை இழுத்தார். கண்ணை மூடினார். மறுபடியும் இழுத்தார். துண்டுக்கு அடியில் அவருடைய விரல்கள் அவள் கையைத் தேடி வந்தன. முழங்காலைத் தொட்டன, புடவை மடிப்பைத் தொட்டன, நின்றன. கண் தெரியாதவன் இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி.

அதைத் தாங்க அவளால் முடியவில்லை. சுட்டுவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவதான மோதிர விரலைப் பிடித்து அழுத்தினாள்.

"மீன்," என்றார் அபூபக்கர்.

முதல் ஏழும் பழக்கம். இந்த எட்டாவது பழக்கம் இல்லை. அது அவள் தெரிந்தே செய்தது. மிச்ச நான்கும் அப்படித்தான்.

பன்னிரண்டில் பதினொன்று சரி.

*

அங்காடியில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதை அபூபக்கர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்கு எதுவும் தெரியாது. அந்த வழக்கம் போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தன் கடையில் அதை அவர் திரும்பக் கொண்டுவந்தார். துண்டின் மறுபக்கத்தில் இருந்தது ஜுமைலாவின் கை.

அவர் விற்பவர் இல்லை, தரம் பார்ப்பவர். ஒரு பிடி ஏலத்தை முகர்ந்து, எந்த மலை, எந்த மாதம், எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று சொல்லுவார். அவர் சரி என்றால்தான் கேசவ் சேட்டு சரக்கைக் கப்பலுக்கு அனுப்புவார்.

சுட்டுவிரலை அழுத்தினால் நல்ல சரக்கு. நடுவிரல் என்றால் பழசு. மோதிர விரல் என்றால் ஈரம், பூஞ்சை. சுண்டு விரல் என்றால் கலப்படம். யாரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்துகொண்டதில்லை, நாள்பட நாள்பட அமைந்தது. "பில் எழுத ஆள் வேணும், வா," என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். மாதிரித் தட்டு வந்ததும் அவளைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டாள். எனக்கு வாசனை தெரியவில்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியவில்லையா என்று அவளும் கேட்டதில்லை.

இருபத்தாறு வருஷம் சமையலறையில் இருந்தவளுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தட்டு வந்ததும் கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அவளுடைய மூக்குக்காகத்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். அவருடைய குறையில் தனக்கு ஓர் இடம் கிடைத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

*

மூன்று மணிக்கு டாக்டர் ஆனந்தகுமார் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டிக் காட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். அபூபக்கர் நடக்கும்போது வலது செருப்பு மட்டும் தரையில் உரசியது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஆடாமல் வந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"பாய், கையைப் பார்த்தா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா மூக்கு இடிக்குது. இந்த வியாதியில கை நடுங்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை குறைஞ்சிடும், நிறையப் பேருக்கு. உங்களுக்குப் பன்னிரண்டுல பதினொண்ணு!"

"மட்டாஞ்சேரியில யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க டாக்டர்," என்றார் அபூபக்கர். "இந்த மூக்கை நம்பிக் கப்பல் கிளம்புது."

"வீட்டுல வேற யாருக்காவது நடுக்கம்?"

"எங்க அத்தாவுக்கு இருந்துச்சு. வயசான நடுக்கம்."

"அப்போ அது குடும்பத்துல வர்ற வேற வகையா இருக்கலாம். அதுல மூக்குக்கு ஒண்ணும் ஆகாது." டாக்டர் பேனாவை மூடினார். "எங்க ஆராய்ச்சியில வாசனை குறைஞ்சவங்களைத்தான் சேர்க்குறோம். மூளையை ஸ்கேன் பண்ணி, ஒண்ணரை வருஷம் கூடவே இருந்து, ஒரு புது மருந்து நோயை மெதுவாக்குதான்னு பார்ப்போம். குணமாகும்னு சொல்லலை, இன்னும் ஆராய்ச்சிதான். இந்த முகாம்ல ஒரு இடம் பாக்கி இருக்கு. உங்களுக்கு அது தேவைப்படாது போலிருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க, மறுபடியும் பார்க்கலாம்."

"ஆறு மாசத்துக்குள்ள அதுவா இருந்து முத்திடுச்சுன்னா?" என்று ஃபிதா கேட்டாள்.

"அப்பவும் மருந்து இருக்கு. ஆனா இந்த ஆராய்ச்சியில சேர முடியாது. ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அபூபக்கர். பின்பாதி அவர் காதில் விழவே இல்லை.

ஜுமைலா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

கிளினிக்கின் கீழே ராசப்பனின் சாயாக்கடை. அபூபக்கர் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ராசப்பா, மூணு சாயா. என் மோளுக்குச் சர்க்கரை கூட. அத்தாவை நோயாளியாக்கப் பார்த்தா, பாவம், நடக்கலை."

"என்ன சொன்னாங்க முதலாளி?"

"நூத்துல தொண்ணூறுக்கு மேல மார்க்கு. போதுமா?"

சாயா வந்தது. ஃபிதா ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்துக் கிளாஸைத் தள்ளினாள். "ச்சே! பால் அடிப்பிடிச்சிருக்கு, ராசப்பன் சேட்டா."

ராசப்பன் பாத்திரத்தை முகர்ந்து தலையில் கை வைத்தான். "ஒரு நிமிஷம் திரும்புனேன் மோளே, அதுக்குள்ள துரோகம் பண்ணிடுச்சு. வேற போட்டுத் தர்றேன். முதலாளி, நீங்களும் குடிக்காதீங்க."

அபூபக்கரின் கிளாஸில் அடிமட்டம்தான் மிச்சம் இருந்தது.

"முழுசாக் குடிச்சிட்டீங்களே!" ராசப்பன் சிரித்தான். "நாக்கு செத்துப் போச்சா?"

ஒரு நொடி அபூபக்கரின் முகம் வெறுமையாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது, வழக்கமான இடத்துக்கு. "உன் மனசு நோகக் கூடாதுன்னு குடிச்சேன்டா. இதையும் சொல்லிக் காட்டுறியே."

ராசப்பன் இன்னும் பலமாகச் சிரித்தான். ஃபிதா சிரிக்கவில்லை. அவள் பார்வை கிளாஸிலிருந்து அத்தாவுக்குப் போய், அங்கிருந்து அம்மாவுக்கு வந்து நின்றது.

"அம்மா, இங்கே வாங்க."

மாடிப்படிக்குக் கீழே, சுக்கு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"அம்மா. பரீட்சை நேரம் முழுக்கத் துண்டுக்கு அடியில உங்க கை இருந்துச்சு. வெளியில கண்ணாடி வழியா நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். பாசம்னு நினைச்சேன்."

ஜுமைலா பார்வையைச் சுக்கு மூட்டைகளுக்குத் திருப்பினாள்.

"கொரோனாவுலயா போச்சு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காய்ச்சலில்தான் மூக்கு போயிற்று. அவளும் இத்தனை வருஷமாக அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆனால் அந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறாள். வீடு முழுக்க கேஸ் நாற்றம். அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள். "ஏன் இப்படி ஓடுறே?" என்று அவர் கேட்டார். அந்த வருஷம் காய்ச்சல் இன்னும் ஊருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது. வந்ததும் அவள் மனதுக்குள்ளேயே வருஷத்தை மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இல்லை," என்றாள். "அதுக்கு முன்னாடி."

ஃபிதா மணியைப் பார்த்தாள். நாலு பத்து. "மேல போய்ச் சொல்லுங்க."

"முதல்ல அவர்கிட்ட சொல்றேன். அவருக்குத் தெரியாம அவரைப் பத்திப் பேச மாட்டேன்."

*

துண்டுக்கு அடியில் நடந்ததை மேலே போய்ச் சொல்லப் போவதாகச் சாயாக்கடை பெஞ்சில் ஜுமைலா அபூபக்கரிடம் சொன்னாள். முடிந்ததும் அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"உன் விரல்தானே சொன்னது? நான் கேட்டேனா?"

அது ஈட்டி மாதிரி இறங்கியது. ஏனென்றால் அது உண்மை. அவர் கேட்டதே இல்லை.

"நீங்க கேட்கலை. நான்தான் சொன்னேன். அதனாலதான் நானே போய் மாத்திச் சொல்லணும்."

"சொல்லு. போய்ச் சொல்லு. அந்தப் பொண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லும். நாளைக்கு அங்காடி முழுக்கத் தெரியும். அபூபக்கருக்கு மூக்கு இல்லை, ஆறு வருஷமாப் பொண்டாட்டி மூக்குல பிழைச்சான்னு. அப்புறம் நான் எந்த முகத்தோட கடை திறக்கிறது?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கும்தான் போகும். அந்த நாற்காலி. தெரியுமில்ல?"

ஜுமைலா திடுக்கிட்டாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் குடிக்க அவள் ஏன் எழுந்து போவாள் என்பதுகூட.

மடியில் கிடந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"தெரியும். போகட்டும்," என்றாள். "ஏங்க, மாமாவுக்கு வயசான நடுக்கம்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க. நடுக்கம் மட்டுமா இருந்துச்சு? கடைசி ரெண்டு வருஷம் முகத்துல சிரிப்பு வரலை, கண் இமைக்கலை. கஞ்சி தொண்டையில இறங்காது. நீங்க கடையில இருந்தீங்க. ஊட்டினது நான். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு என்ன பேருன்னு அன்னிக்கு யாரும் நமக்குச் சொல்லலை. இன்னிக்குச் சொல்றதுக்கு மாடியில ஆள் உட்கார்ந்திருக்கு."

அபூபக்கர் காலிக் கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்களுக்கும் ஊட்டுவேன். அது எனக்குக் கஷ்டமில்லை. ஆனா தடுக்கப் பார்க்காம விட்டுட்டு ஊட்டுறதுக்கு என்னால முடியாது."

எழுந்தாள். அவர் வருவாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

*

அம்ருதா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜுமைலா சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

"தெய்வமே! இத்தா, என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க? எண்ணூறு பேரை வெச்சு நாங்க ஆராய்ச்சி பண்றோம். அதுல ஒரு பொய் கலந்தா மத்தவங்களுக்குச் சொல்ற பதிலும் தப்பாப் போகும்."

"கலப்படம்," என்றாள் ஜுமைலா மெதுவாக.

"அதே!"

"மறுபடியும் செய்ய முடியாதா? நான் வெளிய நிக்கிறேன்."

அம்ருதா உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். "வேற ஒரு செட் பேனா இருக்கு, அதுல செய்யலாம்னு சொல்றார். ஆனா நீங்க சொன்னா போதாது. இக்கா தானா வந்து, எனக்குச் சம்மதம்னு சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள. அப்புறம் அந்த இடத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க."

நாலு நாற்பது.

ஜுமைலாவின் பையில் போன் அடித்தது. அபூபக்கரின் போன், காலையில் சோதனைக்குப் போகும்போது அவளிடம் கொடுத்திருந்தார். கேசவ் சேட்டு.

"அவர் இங்கே இல்லை சேட்டு. வியாழக்கிழமை கப்பலுக்குப் போற சரக்கைப் பத்தித்தானே? அப்புறம் பேசச் சொல்றேன்."

"இக்கா வேண்டா," என்றார் கேசவ் சேட்டு. "வியாழக்கிழமைக்கு முன்னாடி எனக்கு உங்ககிட்டத்தான் பேசணும், ஜுமைலாத்தா. உங்ககிட்ட மட்டும்."

ஜுமைலா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அரை மணி கழிச்சுக் கூப்பிடறேன்," என்று எப்படியோ சொல்லிக் கட் பண்ணினாள். ஆறு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசாத மனுஷன். என்ன தெரியும் இவருக்கு? எத்தனை நாளாகத் தெரியும்?

நாலு நாற்பத்தைந்து. நாலு நாற்பத்தொன்பது.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு சரியாக விழுந்தது. மற்றது உரசியது. ஒன்று விழுந்தது, மற்றது உரசியது. நடுவில் ஃபிதாவின் குரல்: "மெதுவா அத்தா, நேரம் இருக்கு."

அபூபக்கர் உள்ளே வந்தார். ஜுமைலாவின் பக்கம் பார்க்கவில்லை. அம்ருதாவிடம், "எனக்குச் சம்மதம்," என்றார். "எங்கே உட்காரணும்?"

கதவு மூடியது. ஜுமைலா வெளியே நின்றாள். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். பக்கத்தில் ஃபிதா வந்து நின்று அம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

உள்ளே அபூபக்கர் துண்டை உதறி மடியில் விரித்தார். பழக்கம். வலது கை அதற்கு அடியில் போனது. துணி லேசாக நடுங்கியது.

அம்ருதா முதல் பேனாவின் மூடியைத் திறந்ததும், கதவிடுக்கு வழியாக வந்த அந்த மெல்லிய காரம் ஜுமைலாவுக்குத் தெரிந்துவிட்டது. கிராம்பு. முப்பத்தைந்து வருஷம் அவர் உள்ளங்கையில் உருண்டது. கல்யாணமான புதிதில் அவர் சட்டையிலிருந்து அவள் முதலில் தெரிந்துகொண்ட வாசனை அது.

அம்ருதா நான்கு பெயர்களை வாசித்தாள். அபூபக்கர் மூச்சை இழுத்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. துண்டுக்கு அடியில் விரல்கள் பக்கத்து நாற்காலியின் பக்கம் நகர்ந்தன. அங்கே யாரும் இல்லை. துணிக்கு அடியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

பிறகு அவர் அந்தத் துண்டை எடுத்து, மடித்து, காலி நாற்காலியில் வைத்தார். நடுங்கும் கையை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தார்.

"தெரியலை மோளே," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியலை. எழுதிக்கோ."